வங்கிகளை ஓட்டும் ‘ஓப்பன் சோர்ஸ்’: ஓட்டை விழுந்தால் அடைப்பது யார்?

2024 ஜூலை 31. நாட்டின் பல பகுதிகளில் கூட்டுறவு வங்கி, கிராம வங்கி வாடிக்கையாளர்களுக்கு ஏடிஎம்மில் பணம் வரவில்லை. யுபிஐயும் வேலை செய்யவில்லை. சுமார் 300 சிறு வங்கிகளின் சில்லறைப் பணப் பரிவர்த்தனைகள் முடங்கின.

இந்த 300 வங்கிகளையும் யாரும் தனித்தனியாக ஹேக் செய்யவில்லை. இவற்றுக்குத் தொழில்நுட்ப சேவை தரும் சி-எட்ஜ் டெக்னாலஜிஸ் நிறுவனம் (டிசிஎஸ், எஸ்பிஐ கூட்டு நிறுவனம்) ரேன்சம்வேர் தாக்குதலுக்கு உள்ளாகியிருக்கலாம் என்று தெரிந்ததும், பாதிப்பு பரவாமல் இருக்க என்பிசிஐ அதைத் தன் நெட்வொர்க்கில் இருந்து தற்காலிகமாகத் துண்டித்தது. மறுநாள் சேவை திரும்பியது.

அதன் பிறகு வந்ததுதான் முக்கியமான தகவல். தாக்குதல் எப்படி நடந்தது என்று ஆராய்ந்த க்ளவுட்செக் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம், சி-எட்ஜுடன் இணைந்து வேலை செய்த இன்னொரு நிறுவனத்தின் ‘ஜென்கின்ஸ்’ சர்வர் வழியாகத்தான் ஹேக்கர்கள் உள்ளே வந்தார்கள் என்றது. அந்த சர்வர் சரியாக அமைக்கப்படவில்லை என்றும் சொன்னது. ஜென்கின்ஸ் ஓர் ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். அதில் இருந்த ஓட்டை 2024 ஜனவரியிலேயே வெளியே தெரிந்துவிட்டது. அதை அடைப்பதற்கான பேட்ச்சும் அப்போதே இலவசமாக வந்துவிட்டது. தாக்குதல் நடந்தது ஆறு மாதம் கழித்து.

ஓட்டை இருந்தது தெரியும், மருந்தும் கையில் இருந்தது. பிறகு ஏன் அடைக்கவில்லை? நிதி நிறுவனங்களும் ஓப்பன் சோர்ஸும் என்று பேச ஆரம்பித்தால் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

ஓப்பன் சோர்ஸ் என்றால் என்ன?

ஒரு மென்பொருளின் மூல நிரலை, அதாவது சோர்ஸ் கோடை, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், பயன்படுத்தலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்று லைசென்ஸ் கொடுத்து வெளியிட்டால் அது ஓப்பன் சோர்ஸ். லினக்ஸ், ஆண்ட்ராய்டின் அடிப்படைப் பகுதி, ஃபயர்பாக்ஸ் எல்லாம் இந்த வகைதான்.

இதில் பலரும் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. இந்த லைசென்ஸ்கள் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும், ‘இது உள்ளபடியே தரப்படுகிறது, எந்த உத்தரவாதமும் கிடையாது’ என்ற பொருளில் ஒரு வாசகம் இருக்கும். பணம் கொடுத்து வாங்கிய மென்பொருளில் சிக்கல் வந்தால் விற்றவரைக் கூப்பிடலாம். ஓப்பன் சோர்ஸில் அப்படிக் கூப்பிட ஆள் இல்லை. எடுத்துப் பயன்படுத்துபவரே பொறுப்பு.

வங்கிகளுக்குள் இது எப்படி வந்தது?

‘வங்கி மாதிரி இடத்துல போய் சும்மா கிடைக்கிற சாஃப்ட்வேரையா போடுவாங்க?’ என்று தோன்றலாம். போட்டுப் பல வருஷம் ஆகிறது.

லண்டன் பங்குச் சந்தையே ஓர் உதாரணம். 2008 செப்டம்பர் 8 அன்று அதன் வர்த்தகம் சுமார் 7 மணி நேரம் நின்றுபோனது. அப்போது அங்கே ஓடிக்கொண்டிருந்தது மைக்ரோசாஃப்ட் தொழில்நுட்பத்தில் கட்டப்பட்ட ‘டிரேட்எலெக்ட்’. அடுத்த ஆண்டே லண்டன் சந்தை, இலங்கையைச் சேர்ந்த மில்லேனியம் ஐடி என்ற நிறுவனத்தை விலைக்கு வாங்கியது. அந்த நிறுவனம் உருவாக்கிய, லினக்ஸில் ஓடும் வர்த்தக அமைப்புக்கு 2011 பிப்ரவரியில் முழுமையாக மாறியது. வர்த்தக மென்பொருள் அந்த நிறுவனத்தின் சொந்தச் சொத்துதான். அது நிற்கும் தரை மட்டும் ஓப்பன் சோர்ஸ்.

இன்று பெரும்பாலான நிதி நிறுவனங்களின் நிலை இதுதான். மேலே தெரியும் செயலி அவர்களுடையது. அடியில் இருக்கும் ஆபரேட்டிங் சிஸ்டம், டேட்டாபேஸ், தகவலைக் குறியாக்கம் செய்யும் நிரல், பிழைகளைப் பதிவு செய்யும் நிரல் என்று ஏராளமானவை ஓப்பன் சோர்ஸ். சினாப்சிஸ் நிறுவனம் 2024-ல் வெளியிட்ட ஆய்வில், பல துறைகளில் இருந்து எடுத்துச் சோதித்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட மென்பொருள்களில் 96 சதவீதத்தில் ஓப்பன் சோர்ஸ் பகுதிகள் இருந்தன.

ஆக, ‘வங்கி ஓப்பன் சோர்ஸைப் பயன்படுத்தலாமா, கூடாதா’ என்ற விவாதம் முடிந்து வெகு நாளாகிவிட்டது. பயன்படுத்துகிற வங்கிக்கு, தான் எதைப் பயன்படுத்துகிறோம் என்று தெரியுமா என்பதே இப்போதைய கேள்வி.

தெரியாவிட்டால் என்ன ஆகும்? எக்விஃபாக்ஸ் பாடம்

நம் ஊரில் கடன் கேட்டுப் போனால் ‘சிபில் ஸ்கோர்’ பார்ப்பார்கள் இல்லையா? அதே வேலையைச் செய்யும் அமெரிக்க நிறுவனம் எக்விஃபாக்ஸ்.

2017 மார்ச் 7 அன்று, ‘அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ்’ என்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருளில் ஆபத்தான ஓட்டை இருப்பதாக அதன் பராமரிப்பாளர்கள் அறிவித்தார்கள். பேட்ச்சும் தயாராக இருந்தது. இரண்டே நாளில் எக்விஃபாக்ஸ் பாதுகாப்புக் குழு, ‘ஸ்ட்ரட்ஸ் வைத்திருப்பவர்கள் 48 மணி நேரத்துக்குள் பேட்ச் போடுங்கள்’ என்று உள்ளுக்குள் மின்னஞ்சல் அனுப்பியது. அடுத்த வாரம் ஸ்கேனும் செய்தார்கள். ஸ்கேனில் எதுவும் சிக்கவில்லை.

ஆனால் ஸ்ட்ரட்ஸ் இருந்தது. வாடிக்கையாளர்கள் தங்கள் கடன் அறிக்கையில் உள்ள தவறுகளை முறையிடும் இணையதளத்தின் பின்னால் இருந்தது. மே 13 முதல் ஜூலை 30 வரை ஹேக்கர்கள் அதன் வழியே புகுந்து தகவல்களை அள்ளினார்கள். நெட்வொர்க்கைக் கண்காணிக்கும் கருவி ஒன்று இருந்தும், அதற்கான டிஜிட்டல் சான்றிதழ் பல மாதங்களுக்கு முன்பே காலாவதியாகியிருந்தது. சான்றிதழைப் புதுப்பித்த உடனேயே சந்தேகத்துக்குரிய போக்குவரத்து கண்ணில் பட்டது. அதற்குள் சுமார் 14.7 கோடிப் பேரின் தகவல்கள் போய்விட்டன. பெயர், பிறந்த தேதி, முகவரி, நம் ஆதார் போல அமெரிக்காவில் எல்லாவற்றுக்கும் கேட்கப்படும் சமூகப் பாதுகாப்பு எண் உட்பட. 2019-ல் எக்விஃபாக்ஸ் 70 கோடி டாலர் வரை தர ஒப்புக்கொண்டு வழக்கை முடித்தது.

அமெரிக்க நாடாளுமன்றக் குழுக்கள் விசாரித்தபோது ஒரு விஷயம் தெளிவாக வெளிவந்தது. எந்த சர்வரில் எந்த மென்பொருள் ஓடுகிறது என்ற முழுமையான பட்டியல் அந்த நிறுவனத்திடம் இல்லை. எங்கே இருக்கிறது என்று தெரியாத பொருளை எப்படிப் பழுது பார்ப்பது?

2021 டிசம்பர்: உலகமே பட்டியல் தேடிய மாதம்

நான்கு ஆண்டுகள் கழித்து இதே சிக்கல் ஒரே நேரத்தில் எல்லோருக்கும் வந்தது. ‘லாக்4ஜே’ என்பது ஜாவா மொழியில் எழுதும் மென்பொருள்களில் என்ன நடக்கிறது என்று குறிப்பெடுத்து வைக்கும் சின்ன நிரல். கடையில் இருக்கும் வரவு செலவு நோட்டு மாதிரி. வங்கி மென்பொருள்களில் ஜாவா அதிகம் என்பதால், வங்கிகளில் லாக்4ஜேவும் அதிகம்.

அந்த நோட்டில் குறிப்பிட்ட மாதிரி ஒரு வரியை எழுத வைத்துவிட்டால் போதும், சர்வரே ஹேக்கரின் கைக்குப் போய்விடும் என்று 2021 டிசம்பர் 9-10 தேதிகளில் தெரியவந்தது. ஆபத்தின் அளவுகோலில் 10-க்கு 10 மதிப்பெண் பெற்ற ஓட்டை இது. அந்த மாதத்திலேயே ஒன்றன்பின் ஒன்றாக நான்கு முறை திருத்தப் பதிப்பு வந்தது. அதை எழுதிக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காமல் பராமரிக்கும் ஒரு சிறு தன்னார்வலர் குழு.

திருத்தத்தைப் போடுவது அவ்வளவு கடினமில்லை. ‘நம்மகிட்ட லாக்4ஜே எங்கெல்லாம் இருக்கு?’ என்ற கேள்விக்குப் பதில் தேடுவதில்தான் நாள் போனது. ஏனென்றால் பல இடங்களில் அதை வங்கி நேரடியாகப் போடவில்லை. வெண்டரிடம் வாங்கிய மென்பொருளுக்குள், அது பயன்படுத்திய இன்னொரு நிரலுக்குள் அது ஒளிந்திருந்தது.

‘எஸ்-பாம்’: மென்பொருளுக்கும் ஓர் அட்டைப்பெட்டி லேபிள்

மாத்திரை அட்டையின் பின்னால் என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம், பேட்ச் எண் என்ன என்று அச்சிட்டிருக்கும். ஒரு பேட்ச்சில் கோளாறு என்றால் மருந்துக் கடைக்காரர் எண்ணைப் பார்த்துத் தனியே எடுத்து வைத்துவிடுவார். மென்பொருளுக்கு அதே மாதிரி தயாரிக்கும் பட்டியல்தான் ‘சாஃப்ட்வேர் பில் ஆஃப் மெட்டீரியல்ஸ்’, சுருக்கமாக ‘எஸ்-பாம்’. எந்தெந்த நிரல், எந்தப் பதிப்பு, எந்த லைசென்ஸ், எங்கிருந்து வந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும்.

அரசுக்கு மென்பொருள் விற்பவர்கள் இதைத் தர வேண்டும் என்ற திசையில் அமெரிக்க அரசு 2021 மே மாதமே உத்தரவு போட்டது. இந்தியாவில் செபி 2024 ஆகஸ்டில் வெளியிட்ட இணையப் பாதுகாப்பு விதிமுறைகளில், தன் கட்டுப்பாட்டில் இருக்கும் நிறுவனங்கள் முக்கியமான அமைப்புகளுக்கு எஸ்-பாம் வாங்கி வைக்க வேண்டும் என்றது. அதே ஆண்டு அக்டோபரில் செர்ட்-இன் அமைப்பு இதற்கான வழிகாட்டுதலை வெளியிட்டது.

ரிசர்வ் வங்கி வேறொரு பக்கத்தில் இருந்து இதைத் தொடுகிறது. 2023 நவம்பரில் வெளியிட்டு 2024 ஏப்ரலில் அமலுக்கு வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளில், முக்கியச் செயலிகளின் சோர்ஸ் கோடை வெண்டரிடம் இருந்து பெற வேண்டும், முடியாவிட்டால் அதை மூன்றாவது தரப்பிடம் பாதுகாப்பாக வைக்கும் ஏற்பாடாவது வேண்டும் என்கிறது. வெண்டர் நாளைக்குக் கடையை மூடினாலும் வங்கி நிற்கக் கூடாது என்பதுதான் காரணம்.

எடுக்கிறார்கள் சரி, திருப்பிக் கொடுக்கிறார்களா?

ஒரு காலத்தில் இந்தக் கேள்வியைக் கேட்பதே தப்பு. வங்கிக்குள் எழுதிய ஒவ்வொரு வரியும் ரகசியம். 2009 ஜூலையில் கோல்ட்மேன் சாக்ஸில் இருந்து விலகிய செர்கெய் அலெய்னிகோவ் என்ற நிரலாளர், நிறுவனத்தின் கோடை எடுத்துச் சென்றதாகக் கைது செய்யப்பட்டார். தனக்குத் தேவைப்பட்டது அதில் கலந்திருந்த ஓப்பன் சோர்ஸ் பகுதிகள்தான் என்பது அவர் தரப்பு வாதம். 8 ஆண்டுகளுக்கு மேல் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 2012-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பிறகு மாநில நீதிமன்றத்திலும் வழக்கு வருடக்கணக்கில் நீண்டது.

அதே 2012-ல் அதே கோல்ட்மேன் சாக்ஸ், தான் உள்ளுக்குள் பயன்படுத்திவந்த ‘ஜிஎஸ் கலெக்ஷன்ஸ்’ என்ற ஜாவா நிரலைப் பொதுவில் வெளியிட்டது. 2020-ல் ‘லெஜண்ட்’ என்ற தனது தரவுத் தளத்தையும் வெளியிட்டது. லெஜண்ட் போய்ச் சேர்ந்த இடம் ‘ஃபினோஸ்’. நிதித் துறைக்கென்றே இருக்கும் ஓப்பன் சோர்ஸ் அமைப்பு இது. இப்போது லினக்ஸ் ஃபவுண்டேஷனின் ஓர் அங்கம். சந்தையில் ஒருவரையொருவர் முந்தப் பார்க்கும் கோல்ட்மேன் சாக்ஸ், மார்கன் ஸ்டான்லி, ஜேபி மார்கன், சிட்டி எல்லாம் அங்கே ஒரே நிரலில் சேர்ந்து வேலை செய்கின்றன.

நிதித் துறையில் பிறந்து ஊரெல்லாம் பரவியவையும் உண்டு. நம் கல்லூரிகளில் டேட்டா சயின்ஸ் படிக்கும் மாணவர் முதல் நாளே பயன்படுத்தும் ‘பாண்டாஸ்’, 2008-ல் ஏக்யூஆர் என்ற முதலீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்த வெஸ் மெக்கின்னி எழுத ஆரம்பித்தது. நிர்வாகத்தைச் சம்மதிக்க வைத்து அவர் அதை ஓப்பன் சோர்ஸ் ஆக்கினார். கணினிகள் தங்களுக்குள் செய்தி அனுப்பிக்கொள்ளும் ‘ஏஎம்க்யூபி’ என்ற நெறிமுறை 2003-ல் ஜேபி மார்கனில் தொடங்கியது.

போட்டி நிறுவனத்துக்கு ஏன் கொடுக்க வேண்டும்?

தர்ம சிந்தனை மட்டும் காரணமில்லை. கணக்கும் இருக்கிறது.

ஒரு வங்கி பயன்படுத்தும் ஓப்பன் சோர்ஸ் நிரலில் ஒரு பிழை என்று வைத்துக்கொள்வோம். வங்கிப் பொறியாளர் அதைச் சரி செய்கிறார். திருத்தத்தை வெளியே அனுப்ப அனுமதி இல்லை. உள்ளேயே வைத்துக்கொள்கிறார்கள். ஆறு மாதத்தில் அந்த நிரலின் புதிய பதிப்பு வருகிறது. அதில் இவர்களின் திருத்தம் இருக்காது. மறுபடியும் ஒட்டுப் போட வேண்டும். அடுத்த பதிப்பு, மறுபடியும் ஒட்டு. இப்படி பத்து ஒட்டு சேர்ந்ததும், ‘அப்டேட் பண்ணினா எல்லாம் உடைஞ்சிடும், இப்போதைக்கு விடுப்பா’ என்று பழைய பதிப்பிலேயே நின்றுவிடுவார்கள். ஒட்டுப் போட்ட பொறியாளர் வேறு வேலைக்குப் போயிருப்பார். அவசர பேட்ச் வரும் நாளில் அந்த வங்கியால் அதைப் போட முடியாது.

அதே திருத்தத்தை மூல நிரலுக்கே அனுப்பியிருந்தால், அடுத்த பதிப்பில் அது தானாக வந்திருக்கும். உலகமே அதைச் சோதித்துக் கொடுத்திருக்கும். திருப்பிக் கொடுப்பது பாதுகாப்புச் செலவைக் குறைக்கிறது என்று சொல்வது இதனால்தான்.

வட்டியை எப்படிக் கணக்கிடுகிறோம், மோசடியை எப்படிக் கண்டுபிடிக்கிறோம் என்ற ரகசியங்களை யாரும் வெளியே வைக்கச் சொல்லவில்லை. வாடிக்கையாளரின் தகவலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. எல்லா வங்கியும் ஒரே மாதிரி எழுதியே தீர வேண்டிய, அதனால் யாருக்கும் கூடுதல் லாபம் இல்லாத பகுதிகள்தான் பேசப்படுகின்றன.

நல்ல நடைமுறை என்றால் என்னென்ன?

* ஒரு தனிப் பிரிவு: ஓப்பன் சோர்ஸை எடுப்பது, கொடுப்பது இரண்டையும் கவனிக்கும் ‘ஓப்பன் சோர்ஸ் ப்ரோகிராம் ஆஃபீஸ்’. பொறியாளர், வழக்கறிஞர், பாதுகாப்பு அதிகாரி மூவரும் அதில் இருக்க வேண்டும்.

* லைசென்ஸ் சோதனை: எம்ஐடி, அப்பாச்சி போன்ற லைசென்ஸ்களில் கட்டுப்பாடு குறைவு. ஜிபிஎல் லைசென்ஸில், அந்த நிரலைச் சேர்த்து ஒரு மென்பொருளை வெளியே விநியோகித்தால் மூல நிரலையும் தர வேண்டும். வங்கிக்குள் மட்டும் ஓடும்போது இந்தக் கேள்வி எழாது. வாடிக்கையாளரின் போனுக்கு ஆப்பாகப் போகும்போது எழும்.

* எழுதி வைத்த கெடு: ஆபத்தான ஓட்டை என்று அறிவிப்பு வந்தால் எத்தனை மணி நேரத்தில் பேட்ச், யார் பொறுப்பு, போட்டாயிற்று என்று யார் சரிபார்ப்பது. எக்விஃபாக்ஸில் முதல் இரண்டும் காகிதத்தில் இருந்தன. மூன்றாவது கைவிட்டது.

* திருப்பிக் கொடுக்க எளிய வழி: ஒரு வரித் திருத்தத்துக்கு ஏழு மேலதிகாரிகளின் கையெழுத்து தேவைப்பட்டால் எந்தப் பொறியாளரும் அனுப்ப மாட்டார்.

* உள்ளுக்குள் ஓப்பன்: ஒரு துறை எழுதிய நிரலை அதே வங்கியின் மற்ற துறைகள் பார்த்து, திருத்தி, பயன்படுத்துவது. ‘இன்னர்சோர்ஸ்’ என்று பெயர். வெளியே போகத் தயங்கும் நிறுவனங்கள் முதலில் பழகிப் பார்க்க இது நல்ல இடம்.

பராமரிப்பவருக்கு யார் பராமரிப்பு?

2014-ல் ‘ஹார்ட்ப்ளீட்’ ஓட்டை வெளிவந்தபோதுதான் ஒரு விஷயம் பலருக்கும் தெரிந்தது. உலகின் பெரும்பகுதி இணையப் பரிவர்த்தனைகளைக் காக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலுக்கு முழுநேரமாக வேலை பார்த்தவர் ஒரே ஒருவர். ஆண்டுக்கு வந்த நன்கொடை சுமார் 2,000 டாலர்.

2024 மார்ச்சில் இதைவிட மோசமானது நடக்க இருந்தது. ‘எக்ஸ்இசட்’ என்ற கோப்பு சுருக்கும் நிரலைத் தனி ஆளாகக் கவனித்து வந்தவர் களைத்துப்போயிருந்தார். ‘ஜியா டான்’ என்ற பெயரில் ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் உதவி செய்து, நம்பிக்கையைப் பெற்று, பின்வாசல் ஒன்றைச் செருகிவிட்டார். மைக்ரோசாஃப்ட் பொறியாளர் ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட், ஒரு லாகின் வழக்கத்தைவிட அரை விநாடி தாமதமாவதைக் கவனித்துத் துருவியதால்தான் அது பிடிபட்டது. லினக்ஸ் சர்வர் வைத்திருக்கும் வங்கிகள் உட்பட எல்லோரும் தப்பியது அந்த அரை விநாடியால்.

பணம் சம்பாதிக்கும் நிறுவனங்கள் இந்தச் சுமையில் பங்கெடுக்க வேண்டும் என்ற குரல் இப்போது பலமாகக் கேட்கிறது. இந்தியப் பங்கு வர்த்தக நிறுவனமான ஸெரோதா, ஓப்பன் சோர்ஸ் திட்டங்களுக்கு ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் தரும் நிதியை 2024 அக்டோபரில் அறிவித்தது. எந்த நாட்டுத் திட்டமும் விண்ணப்பிக்கலாம்.

சிறு வங்கிகள் என்ன செய்வது?

கோல்ட்மேன் சாக்ஸிடம் ஆயிரக்கணக்கில் பொறியாளர்கள் இருக்கிறார்கள். ஒரு மாவட்டக் கூட்டுறவு வங்கியில் ஐடி பிரிவு என்றால் சில பேர்தான் இருப்பார்கள். அவர்கள் தனிப் பிரிவு அமைக்கவோ நிரல் எழுதி உலகத்துக்கு அனுப்பவோ போவதில்லை. அவர்களின் மென்பொருள் மொத்தமும் வெண்டர் கையில். வெண்டருக்குப் பின்னால் இன்னொரு வெண்டர். 2024 ஜூலையில் உடைந்தது இந்தச் சங்கிலியின் ஒரு கண்ணிதான்.

ஆனால் அவர்களிடம் ஒரு பிடி இருக்கிறது: ஒப்பந்தம். அடுத்த முறை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்கலாம். இந்த மென்பொருளுக்குள் என்னென்ன இருக்கின்றன என்ற எஸ்-பாம் பட்டியலைத் தருவீர்களா? ஆபத்தான ஓட்டைக்கு பேட்ச் வந்தால் எத்தனை நாளில் போடுவீர்கள்? உங்களுக்கு வேலை செய்து தரும் நிறுவனங்களுக்கும் இதே கெடு பொருந்துமா? ஒரே வெண்டரிடம் சேவை வாங்கும் வங்கிகள் நூற்றுக்கணக்கில் இருப்பதால், சேர்ந்து கேட்டால் வெண்டரால் தட்டிக்கழிப்பது கஷ்டம்.

மூன்றாவது கேள்வியை மட்டும் விட்டுவிடக் கூடாது. அந்த ஜென்கின்ஸ் சர்வர் இருந்தது வங்கியிலும் இல்லை, வங்கி ஒப்பந்தம் போட்ட நிறுவனத்திலும் இல்லை.